பழைய மாருதியின் ஆர்.சி.யில் புதுக் கார் ஓட்டலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நானும் மகனும் பழைய மாருதி 800 ஒன்றைப் பிரித்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இரண்டு சீட் கார் கட்டியிருக்கிறோம். இன்ஜின் பின்பக்கம். ஸ்டீயரிங் ராக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) பழைய காருடையது. அதை ஸ்டீயரிங் வீலோடு இணைக்கும் தண்டு நீளம் போதாமல் வெட்டி வெல்டிங் வைத்தோம். சோதனையில் ஸ்டீயரிங்கில் எதைப் பார்ப்பார்கள்? பழைய ஆர்.சி.யிலேயே ஓட்டலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?

பதில்: பட்டறைக்காரர் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். மாருதி 800-க்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸ். அதை வெட்டியதோடு ஆர்.சி. புக் சொல்லும் வண்டி இல்லாமல் போய்விட்டது. சேஸ் எண் உள்ள தகட்டை மட்டும் பெயர்த்துப் புதுச் சட்டத்தில் ஒட்டினால், மாநில எல்லையான வாளையாறில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்கு அது திருட்டு வண்டியாகத்தான் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது பிரிவு 55. காலம் கடந்திருந்தாலும் இந்த வாரமே எழுத்தில் கொடுத்து, ரத்து செய்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

புதுக் காராகப் பதிவு செய்யலாமா? பதிவு விண்ணப்பமான படிவம் 20-உடன் விற்பனைச் சான்று (படிவம் 21), தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று (படிவம் 22) எல்லாம் கேட்பார்கள். படிவம் 22 கொடுக்க, மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி முன்மாதிரி வண்டி சோதனையில் தேறியிருக்க வேண்டும். சென்னை ஓரகடம், புனே, மானேசர் போன்ற இடங்களில் உள்ள மையங்களில் அந்தச் சோதனை நடக்கும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை உண்டு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் ஸ்டீயரிங் சோதனைப் பட்டியல்கள் பெரும்பாலும் அதற்கானவை. இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் எவ்வளவு திருப்தியடைந்தாலும் அவர் கையெழுத்து விதி 126-க்கு ஈடாகாது. "ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இனி ஸ்டீயரிங். சாலைக்கு வராவிட்டாலும் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்; அதில் உட்காரப்போவது உங்கள் மகன். விதி 98 சொல்வது மூன்று: ஸ்டீயரிங் வீலில் பிளே (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் ஆடும் அளவு) 30 டிகிரிக்கு மேல் கூடாது, பால் ஜாயிண்டுகளுக்கு (குண்டு மூட்டுகளுக்கு) ரப்பர் உறை வேண்டும், போல்ட், பின் எல்லாம் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 36 செ.மீ. வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் 9 செ.மீ.க்கு மேல். ராக் ஸ்டீயரிங்கில் அவ்வளவு ஆட்டம் இருந்தால் ஏதோ தேய்ந்துவிட்டது என்று பொருள். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் 38 செ.மீ. வீலுக்கு ராக் என்றால் 13 மி.மீ. வரைதான் அனுமதி. அதையே உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் வைத்த தண்டை இன்றே கழற்றுங்கள். வெல்டுக்கு ஒட்டிய இரும்பு சூட்டில் கடினமாகி, வீலைத் திருப்பத் திருப்ப மயிரிழை விரிசல் விடும். முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் முறியும். ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) உள்ள தண்டும் யுனிவர்சல் ஜாயிண்டும் (சாய்வாகச் சேரும் தண்டுகளையும் சேர்ந்து சுழலவைக்கும் மூட்டு) வாங்கிப் போடுங்கள். ஜாயிண்டைத் தண்டோடு இறுக்கும் பிஞ்ச் போல்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் போல்ட் இறுகியிருந்தும் தண்டு உருவிக்கொண்டு வரும். இரண்டு ஜாயிண்டுகளுக்கு நடுவிலுள்ள தண்டின் இரு முனை நுகங்களும் (கவை போன்ற பகுதிகள்) ஒரே கோட்டில் இருக்கட்டும், இல்லையேல் வீல் ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகும். மூன்று ஜாயிண்ட் வந்தால் நடுவில் பேரிங் தாங்கி அவசியம். நேரே நெஞ்சை நோக்கி வரும் ஒற்றைத் தண்டு வேண்டாம்: நேருக்கு நேர் மோதலில் தண்டு 127 மி.மீ.க்கு மேல் பின்னால் வரக் கூடாது என்பதே பெரிய கம்பெனிகளுக்கு வைத்த வரம்பு. ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையில் ஸ்ப்லிட் பின் போடுங்கள்; ஒருமுறை கழற்றிய நைலான் நட்டை மறுபடி போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. முன்சக்கரங்களை ஓட்டிய இன்ஜினை அப்படியே பின்னால் வைத்திருந்தால் முன்பக்க ஹப்புகளும் (சக்கரம் மாட்டும் பகுதிகள்) பின்னால் போயிருக்கும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் ஆர்ம் அவற்றில் அப்படியே இருக்கிறது. அதை வளையாத இரும்புத் தண்டால் சட்டத்தோடு இணைக்காவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பின்சக்கரம் தானாகத் திரும்பும். அந்தத் தண்டின் உள்முனை, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கையான விஷ்போன் சுழலும் கோட்டில் அமையட்டும். விலகினால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் திசை மாறும்.

ஓட்ட வேலி போட்ட சொந்தத் தோப்பு போதும். ஊர்க்காரர்கள் உரிமையோடு நடக்கும் தடம் அதில் இருந்தால் அது பிரிவு 2(34)-ன்படி பொது இடம்; அங்கே பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவையே 2,000 முதல் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தனி வழக்கு. யாராவது அடிபட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து. கோவை கரி ஸ்பீட்வே போன்ற மூடிய தடத்தில் அனுமதி கிடைத்தால் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம்: இழுபடும் வண்டியில் ஸ்டீயரிங் பிடிப்பவரும் பிரிவு 2(9)-ன்படி ஓட்டுநர்தான்.