ஐஐடி ஜாம் இயற்பியல் தேர்வுக்கு எந்தப் பாடங்களை முதலில் படிக்க வேண்டும்?

ஐஐடிகளில் முதுநிலை இயற்பியலில் சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்திட்டத்தின் ஏழு பகுதிகளுள் கணித முறைகளையே முதலில் எடுங்கள் என்பேன். ஏனெனில் திசையன் நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கைவராமல் மின்காந்தவியலிலோ அலைவுகளிலோ ஓரடிகூட முன்னேற முடியாது. அதன்பின் இயக்கவியலையும் மின்காந்தவியலையும் ஆழமாகப் படியுங்கள்.

வெப்ப இயக்கவியலை எளிதென்று எண்ணிக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வெப்பம் புகாத கலத்தில் ஒரு மோல் நல்லியல்பு வாயு, வெற்றிடத்துக்குள் தடையின்றி விரிந்து இரு மடங்கு கனஅளவை அடைவதாகக் கொள்வோம். வெப்பப் பரிமாற்றம் இல்லாததால் என்ட்ரோபி மாற்றமும் சுழியே என்று எழுதத் தோன்றும். ஆனால் இது மீளா நிகழ்வு. அதே தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் இணைக்கும், வெப்பநிலை மாறாத மீள் வழி ஒன்றைக் கருதிக் கணக்கிட்டால், வாயு மாறிலியை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கிய மதிப்பு, அதாவது கெல்வினுக்கு ஏறத்தாழ 5.76 ஜூல் கிடைக்கும். இந்த நுட்பம் பிடிபடும்வரை அந்தப் பாடத்தை விடாதீர்கள்.

ஒளியியலில் குறுக்கீட்டு விளைவும் விளிம்பு விளைவும், நவீன இயற்பியலில் சிறப்புச் சார்பியலும் பெட்டிக்குள் அடைபட்ட துகளும், திண்மநிலை இயற்பியலில் படிக அமைப்பும், மின்னணுவியலில் டையோடும் செயல்பாட்டுப் பெருக்கியும் அடிப்படையானவை.

மூன்று மணி நேரத் தேர்வில் 60 வினாக்களுக்கு 100 மதிப்பெண்கள். அவற்றுள் விடையை எண்ணாகவே இட வேண்டிய 20 வினாக்களுக்குத் தவறான விடைக்கான மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே அலகு மாற்றத்தையும் தசமக் கணக்கையும் நாள்தோறும் பழகுங்கள்.