வகுப்பில் காது கொடுக்காத பிள்ளையா, காது கேட்காத பிள்ளையா? வாசகர் கேள்விகள்

மகன் தரம் 2 படிக்கிறான். தடிமன் வந்தால் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான், மற்ற நாட்களில் நன்றாகக் கேட்கிறது. சொல்வதெழுதலில் 'மரத்தில்' என்றால் 'மரத்தின்' என்று எழுதுகிறான். கவனம் இல்லை என்கிறார் ரீச்சர். (தாய், மல்லாவி)

முதலில் அவனை ஏசுவதை நிறுத்துங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் இப்படித்தான் கேட்டும் கேட்காமலும் இருக்கும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் கட்டையானது, தடிமனில் லேசாக அடைபடும். பெரும்பாலும் நோவு இராது, சீழும் வராது. அதனால் வீட்டில் ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. கேட்கும் திறன் 20, 30 டெசிபெல் (ஒலியை அளக்கும் அலகு) குறைந்தாலே சொல்லின் கடைசியில் மெல்ல வரும் ஒலி நழுவிவிடும். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் அங்கேதானே இருக்கிறது! சரியாகக் கேட்காத ஒலிக்கு அவன் எந்த எழுத்தைப் போடுவான்?

பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். ஆனால் எழுத்துப் பழகும் வயதில் அடிக்கடி வந்தால் வாசிப்பும் எழுத்தும் பின்தங்கலாம். காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டி, செவிப்புலன் பரிசோதனையும் செய்வியுங்கள்.

என் வகுப்பு மாணவி ஒருத்திக்குச் செவிப்புலன் பரிசோதனையில் காது சரி என்றார்கள். ஆனாலும் அவள் வகுப்பில் "என்ன? என்ன?" என்றே கேட்கிறாள். (ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

பரிசோதனை அமைதியான அறையில், ஒவ்வொரு ஒலியாக நடக்கிறது. உங்கள் வகுப்பில் தகரத்தில் மழை கொட்டும், தட்டிக்கு அங்கால் இன்னொரு வகுப்பு பாட்டுப் படிக்கும். காது ஒலியைப் பிடித்தாலும், இரைச்சலுக்குள் இருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளை சிரமப்படலாம். அதற்கான தனிச் சோதனைகளை வழக்கமாக 7 வயதுக்குப் பிறகே செய்வார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். அவளை முன்வாங்கில் இருத்துங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும், வகுப்பிலும் பின்வாங்குப் பிள்ளைக்கு இழப்புத்தான். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்காதீர்கள். "விளங்கினதா?" என்றால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மொழியே பின்தங்கி இருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள்.

பேரனுக்குக் காதால் சீழ் வடிகிறது. நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா? (அம்மம்மா, புதுக்குடியிருப்பு)

வேண்டாம் அம்மா. செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும். எண்ணெயோ வேறெதுவோ விடாதீர்கள், சீழ் நிற்கும்வரை குளத்தில் முழுகவும் விடாதீர்கள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காது ஆறும்வரை அவனுக்கு முன்னால் இருந்து, முகம் பார்த்துக் கதை சொல்லுங்கள். புதுச் சொற்கள் அவனுக்கு நின்றுபோகக் கூடாது.