ரோமின் கீழ் கிரேக்கப் பழமை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பற்றிய தங்கள் கட்டுரையில், ரோமானிய ஆட்சியின்போது கிரேக்க நகரங்கள் தங்கள் பழமையைத் திறம்படக் கையாண்டன என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. படையும் வரியும் போர் தொடுக்கும் உரிமையும் ரோமிடம் போய்விட்ட பிறகு அவர்களிடம் எஞ்சியது பழம்பெருமை பேசுவது ஒன்றுதானே? ஸ்பார்ட்டாவில் சிறுவர்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்கு வெளியூர்ப் பயணிகள் பார்த்துச் செல்லும் காட்சியாகவே ஆகிவிட்டது என்று படித்திருக்கிறேன். தோற்றவர்களின் ஆறுதல் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

ஸ்பார்ட்டாவைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா என்ற பெண்தெய்வத்தின் பலிபீடத்தின் முன்னால் அடிபட்டே இளைஞர்கள் இறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பீடத்தைச் சுற்றி இருக்கைகளுடன் ஓர் அரங்கமே கட்டப்பட்டது. ஆனால் அதே கோவிலில் கிடைத்த வேறு கற்களையும் நாம் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கான போட்டிகளில் வென்றவர்கள் பரிசாகப் பெற்ற இரும்பு அரிவாளைக் கல்லில் பதித்துக் காணிக்கையாக நிறுத்தினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கல்வெட்டுகள் சிலவற்றில், அன்றைய பொதுக் கிரேக்கத்தை விட்டுவிட்டு, பழைய ஸ்பார்ட்டா வட்டாரமொழியை முயன்று எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த பயணிக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அது ஊரார் ஊராருக்கே எழுதிக்கொண்டது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆறுதல் என்ற சொல்லை நான் ஏற்க மறுப்பதற்குக் காரணம், பழமை பல இடங்களில் மிகவும் நடைமுறையான வேலைகளைச் செய்தது என்பதே. எப்போதும் அது பலித்தது என்று சொல்ல வரவில்லை. கி.மு. 86-இல் ஏதென்ஸை முற்றுகையிட்டிருந்த ரோமானியத் தளபதி சுல்லாவிடம் சமாதானம் பேசச் சென்ற தூதர்கள் தங்கள் புராண மன்னன் தீசியஸின் புகழையும் பாரசீகப் போர்களையும் விரித்துரைத்தபோது, கிளர்ச்சியாளர்களை அடக்கவே ரோம் தன்னை அனுப்பியதென்றும் பாடம் கேட்க அனுப்பவில்லையென்றும் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினான். நகரம் வீழ்ந்தது, தெருக்களில் பெரும் கொலை நடந்தது. ஆனால் அதன் பிறகு, ஏதென்ஸிலிருந்து முன்பே வெளியேற்றப்பட்டிருந்தவர்களும் அவனுடனிருந்த ரோமானிய மேலவை உறுப்பினர்களும் மன்றாடியபோது, இறந்தவர்களின் பொருட்டு உயிருடன் இருப்பவர்களை விட்டுவிடுகிறேன் என்று கூறிக் கொலையை நிறுத்தினான். மதிலைக் காக்க முடியாத முன்னோர்கள், மதிலுக்குள் எஞ்சியிருந்தவர்களைக் காத்தார்கள்.

பின்னர் அமைதி நிலைத்த காலத்தில் பழமை வழக்காடும் ஆவணமாகவே மாறியது. கி.பி. 26-இல் ஆசிய மாகாணத்தில் பேரரசர் டைபீரியஸுக்குக் கோவில் எழுப்பும் உரிமை தங்களுக்கே வேண்டுமென்று 11 நகரங்கள் ரோமானிய மேலவையின் முன் போட்டியிட்டதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். தங்கள் ஊர் 1,200 ஆண்டுகளாக நில நடுக்கத்தால் அசைந்ததில்லை என்றது ஹலிகார்னாசஸ். சர்தை நகரத்தார் இத்தாலியின் பழங்குடியினரான எட்ருஸ்கர்கள் தங்கள் உறவினர் என்று கூறும் ஆணையொன்றை வாசித்துக் காட்டினார்கள். டிராய் இருந்த இடமான இலியம், ரோமின் தாயூர் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாமல் பின்தங்கியது. வென்றது ஸ்மிர்னா. அது தன்னை நிறுவியவர் புராண மன்னன் டான்டலஸோ தீசியஸோ போர்ப்பெண்களான அமேசான்களில் ஒருத்தியோ என்று தொடங்கினாலும், அதை விரைவில் கடந்து, ரோமின் எதிரியான கார்த்தேஜ் இன்னும் அழியாத காலத்திலேயே, கி.மு. 195-இல், ரோம் நகருக்கு முதன்முதலில் கோவில் கட்டியது தாங்களே என்பதையும், கடுங்குளிரில் உடையின்றித் தவித்த சுல்லாவின் படைக்கு அவையில் கூடியிருந்தவர்கள் தாம் உடுத்தியிருந்ததையே கழற்றி அனுப்பியதையும் எடுத்துரைத்தது. எந்தப் பழமையை எந்த அவையில் சொல்வது என்று தெரிந்திருந்த ஊர் அது.

பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 131-132-இல், ஏதென்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு பான்ஹெலேனியன் என்ற கிரேக்க நகரங்களின் ஒன்றியம் அமைந்தபோது கிரேக்க வம்சாவளி அதில் இடம்பெறுவதற்கான தகுதியாயிற்று. ஆசியா மைனரின் உட்பகுதியில் இருந்த கிபிராகூட ஏதென்ஸ் தன் உறவு என்று கல்லில் பொறித்துக்கொண்டது.

இதில் கயமைக்கும் இடமிருந்தது. ரோட்ஸ் தீவினர் புதிய ரோமானிய அதிகாரிகளைக் கௌரவிக்கப் பழைய சிலைகளின் அடியிலிருந்த பெயர்களை அழித்துவிட்டு வேறு பெயரைப் பொறித்துவந்தார்கள். அதை எதிர்த்து அவர்களிடமே சொற்பொழிவாளர் டியோ கிரிசோஸ்டம் ஆற்றிய நீண்ட உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்னோருக்குக் கொடுத்த வாக்கைக் களவாடுகிறீர்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம். எனக்கு மிகவும் நெருக்கமான உரை அது.

இனி புளூட்டார்க். சர்தையைச் சேர்ந்த மெனமாக்கஸ் என்ற இளைஞனுக்கு அவர் எழுதிய அரசியல் அறிவுரையில், நீ ஆள்கிறாய், ஆனால் ஆளப்பட்டுக்கொண்டும் இருக்கிறாய் என்பதை மறவாதே என்கிறார். பாரசீகர்களைக் கிரேக்கர்கள் வென்ற களங்களான மாரத்தானையும் யூரிமெடானையும் பிளாட்டியாவையும் சொற்பொழிவாளர்களின் பள்ளிகளுக்கு விட்டுவிடு என்கிறார். அவற்றைக் கேட்டால் மக்கள் வீணாகத் தருக்குவார்கள். மாறாக, ஏதென்ஸை ஆண்ட முப்பது பேரின் கொடுங்கோன்மை வீழ்ந்த பின் ஏதென்ஸ் மக்கள் ஒருவரையொருவர் பழிவாங்காதிருக்க உறுதி பூண்டதை எடுத்துச் சொல் என்கிறார். நீங்கள் இதைத் தோற்றவனின் பணிவாகப் படிக்கக்கூடும். ஆனால் ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடிஸின் வாழ்க்கை வரலாற்றில் இதே புளூட்டார்க், கி.மு. 479-இல் பிளாட்டியாவில் இறந்தவர்களுக்கு அவ்வூரார் தன் காலத்திலும் ஆண்டுதோறும் செய்துவரும் சடங்கை ஒன்றுவிடாமல் எழுதுகிறார். விடியலில் போர்முழக்கம் ஊதும் எக்காளம், கரிய எருது, பாலும் மதுவும் ஏந்திய இளைஞர்கள். இறந்தவர்கள் விடுதலைக்காக மாண்டவர்கள் என்பதால் அந்தப் பணியில் எந்த அடிமையும் கைவைக்கக் கூடாது.

இவ்விரண்டுக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தைக் கிளர்த்தும் பேச்சுக்குத்தான் அவர் பிளாட்டியாவை மறுத்தார். கல்லறையின் முன்னால் அதை மறுக்கவில்லை. ஆண்டு முழுதும் இரும்பைத் தொடாமல் வெண்ணிற உடையே உடுத்தும் பிளாட்டியாவின் தலைவர், அன்று ஒருநாள் செந்நிற உடையணிந்து, கையில் வாளேந்தி, நடுகற்களைத் தாமே நீரால் கழுவி, நறுந்தைலம் பூசுவார். பிறகு, கிரேக்கர்களின் விடுதலைக்காக இறந்தவர்களுக்கு இதை அருந்துகிறேன் என்று சொல்லி மதுவைப் பருகுவார். ரோமானிய ஆளுநர் ஆண்ட மாகாணத்தில், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்து, விடுதலை என்ற அந்தச் சொல் உரத்துச் சொல்லப்பட்டது. சடங்குக்கான நீர்க்குடத்தை அவர் எங்கிருந்து எடுத்துவருவார் என்பதையும் புளூட்டார்க் குறிப்பிடத் தவறவில்லை: ஊரின் ஆவணக் காப்பகத்திலிருந்து.