புது ஆமையை உடனே சேர்த்து விடாதீர்கள்: கேள்வி பதில்

மதுரைப் பக்கத்து ஆமை வளர்ப்பாளர்களின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் என்ற முறையில் என் பதில்கள்.

கே.கே. நகரிலிருந்து: என் சல்காட்டா ஆமைக்கு (ஆப்பிரிக்கத் தரை ஆமை) மூக்கு ஒழுகுகிறது, நான்கு நாளாகக் கீரையைத் தொடவில்லை. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா டாக்டர்?

முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள். ஆட்டுக்கு நல்ல மருந்து, ஆமைக்கு நஞ்சு. நரம்பைத் தாக்கி, கால்களை முடக்கிக் கொன்றுவிடும்.

மூக்கொழுகல் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாலும் வரும், ஹெர்பஸ் வைரஸாலும் வரும். மூக்கை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வாயைப் பார்க்க வேண்டும். கொட்டாவி விடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். நலமான நாக்கு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். ஹெர்பஸ் முற்றினால் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஏடு போல மஞ்சள் வெள்ளைப் படலம் படரும். எச்சில் நூல் நூலாகத் தொங்கும். படலத்தைச் சுரண்டாதீர்கள், ரத்தம் வரும். ஆமையைத் தனியே, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

திருமங்கலத்திலிருந்து: ஆறு வருடம் வளர்த்த ஆமை செத்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு வாங்கிய புது ஆமை நன்றாகவே தின்கிறது. புதிதுக்கு நோய் இருந்தால் அதுதானே முதலில் சாக வேண்டும்?

பலரும் தவறுவது இங்கேதான். ஹெர்பஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். பெட்டிக்குள் அடைபட்ட நீண்ட பயணம், குளிர், புது இடம் என்று ஏதாவது நெருக்கடி வந்தால் மறுபடி தலைதூக்கி எச்சிலில் வெளியேறும். சுமக்கிற ஆமையிடம் அறிகுறி ஒன்றும் தெரியாது. பக்கத்து ஆமைதான் பலியாகும். ஐரோப்பாவில் கிரேக்க ஆமைகளோடு சேர்த்து வளர்த்த ஹெர்மன் ஆமைகள் கூட்டமாகச் செத்தது இப்படித்தான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நான் அதை நம்புகிறவனில்லை. ஆனால் ஆமை இருக்கிற வீட்டில் புது ஆமை புகுந்தால் கவலைப்படுவேன்.

புதிதை ஆறு மாதமாவது தனியே வையுங்கள். ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. வேறு தொட்டி, வேறு தட்டு. பழைய ஆமையைக் கவனித்த பிறகே புதிதிடம் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. இரண்டையும் ஒரே பேசினில் குளிக்க வைப்பதை விட்டுவிடுங்கள்.

இனி ஆமை இறந்தால் புதைத்துவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு கெட்டுவிடும்.

புது ஆமைக்குச் செய்யும் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால் நம்பலாமா?

பாதி நம்பலாம். வாயில் பஞ்சுக்குச்சி தேய்த்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை, வைரஸ் வெளியேறும் நாளில்தான் பிடிக்கும். நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதனால் இடைவெளி விட்டு இருமுறை செய்யச் சொல்வேன். அசைக்ளோவிர் என்ற மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், துடைத்தெடுக்காது.

மேலூரிலிருந்து: கடலைக்காட்டில் நட்சத்திர ஆமை கிடைத்தது. பையன் ஆசைப்பட்டதால், ஒரு வாரமாக எங்கள் சல்காட்டாவோடு வளர்கிறது.

அதை வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகத்தையும் 2019இல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாடு தடுத்துவிட்டது. ஆனால் பயந்துபோய் மறுபடி காட்டில் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு ஆமையோடு ஒரு வாரம் ஒரே தட்டில் தின்றிருக்கிறது. அதன் வழியாகக் காட்டு ஆமைகளுக்கு என்ன போகும் என்று யாருக்குத் தெரியும்? வனத்துறையிடம் ஒப்படைத்து, சேர்ந்திருந்த கதையை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சல்காட்டாவையும் 2024 விதிப்படி ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

அனுப்பானடியிலிருந்து: தொட்டியில் வளர்த்த செங்காது ஆமை (நீர் ஆமை) பெரிதாகிவிட்டது. தெப்பக்குளத்தில் விடலாமா ஐயா?

கூடாது. அது ரானாவைரஸ் என்ற கிருமியைச் சுமந்திருக்கலாம். அந்தக் கிருமி ஆமையோடு நிற்காது. தவளை, மீன் எல்லாவற்றையும் தாக்கும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எங்களுக்குத் தொற்றுமா?

ஆமையின் ஹெர்பஸ் மனிதருக்கு வராது. வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா பாக்டீரியா வரும். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.