பழைய காரில் இன்ஜின் உதறல்: கேள்வி பதில்

கேள்வி: 15 வருடப் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். நிற்கும்போது ஸ்டீயரிங், சீட் எல்லாம் உதறுகிறது, ஓடினால் அடங்கிவிடுகிறது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணே?

பதில்: பொறுங்க தம்பி, சோதிக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். இன்ஜினே சீராக ஓடாமல் உதறுவது ஒன்று. இன்ஜின் நன்றாக ஓடியும் மவுண்டிங் ரப்பர் செத்துப்போய் அதிர்வை பாடிக்கு விட்டுவிடுவது இன்னொன்று. முதலில் இதைப் பிரிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓட விட்டுப் பாருங்கள். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) நாலு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 27 முறை எரிகின்றன, அது ஒரே ரீங்காரமாகத்தான் கேட்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது எரியாமல் விடுகிறது என்றால் நொடிக்கு ஏழு முறைக்கும் சற்றுக் குறைவாக ஒரு வெட்டு விழும், இன்ஜின் துள்ளுவது கண்ணுக்கே தெரியும், சைலன்சரிலும் புகை விட்டுவிட்டு அடிக்கும். அப்படி எதுவும் இல்லாமல் உள்ளே மட்டும் நடுங்கினால் மவுண்டிங்கைப் பாருங்கள்: ரப்பர் வெடித்திருக்கும், எண்ணெய் அடைத்த வகையென்றால் கசிந்த கறை இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி டி-யில் நடுங்கி நியூட்ரலில் அடங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கேள்வி: 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் ஆடுகிறது.

பதில்: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். ஆட்டம் இல்லையா? அப்போது இன்ஜினை விட்டுவிட்டு வீல் பாலன்சிங், டயரைப் பாருங்கள்.

கேள்வி: பிளக்குக்குக் கரண்ட் தரும் காயில் நாலும் புதுசு, பிளக்கும் புதுசு. மிஸ்ஸிங் போகவில்லை.

பதில்: இதைத்தான் சொன்னேன், சோதிக்காமல் வாங்காதீர்கள் என்று. சந்தேகப்பட்ட ஒரு காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டிருந்தால் செலவே இல்லாமல் தெரிந்திருக்கும்: மிஸ்ஸிங் கூடவே போனால் காயில், போகாவிட்டால் வேறு. இனி வேக்கம் ஹோஸில் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்) வெடிப்பு, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று வரிசையாகப் பாருங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் போதும், எதைப் பிடுங்கும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் கோளாறு. காலங்காலமாக இப்படித்தான் பார்க்கிறோம்.

பதில்: தத்துவம் சரிதான், கார்புரேட்டர் வண்டிகளில் நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சர் குழாயில் உள்ள வண்டியில் தீப்பொறி இல்லாமல் பெட்ரோல் மட்டும் உள்ளே போனால், அது கன்வெர்ட்டரில் போய் எரிந்து உள்ளே இருக்கும் பீங்கானை உருக்கிவிடும். ஒயரில் ஓடுவதும் பல்லாயிரம் வோல்ட், போக வழியில்லாவிட்டால் காயிலைத் துளைக்கும், இல்லையென்றால் உங்கள் கைக்கு வரும். இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், அதே பதில்தான் கிடைக்கும், பெட்ரோலும் போகாது.

கேள்வி: அரை நிமிடத்தில் கன்வெர்ட்டர் உருகிவிடுமா என்ன?

பதில்: நல்ல கன்வெர்ட்டர் தாங்கலாம். ஆனால் உங்களிடம் வரும் வண்டி ஏற்கெனவே பல நாளாக மிஸ்ஸிங்கோடு ஓடி வந்தது, கன்வெர்ட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. செக் இன்ஜின் விளக்கு மினுக்கினாலும் மிஸ்ஸிங்கால் கன்வெர்ட்டருக்கு ஆபத்து என்றுதான் அர்த்தம், ஆக்சிலரேட்டரை விட்டு ஓரங்கட்ட வேண்டும். வாடிக்கையாளரின் வண்டியில் நான் அந்த அரை நிமிடத்தை எடுக்க மாட்டேன்.

கேள்வி: நிற்கும்போது மட்டும் நடுங்குகிறது, மவுண்டிங் மாற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கண்டதை எழுதுங்கள்.

கேள்வி: மூன்று சிலிண்டர் கார், ஐட்லிங்கில் லேசான ஆட்டம். மவுண்டிங்...

பதில்: மூன்று சிலிண்டருக்கு லேசான ஆட்டம் பிறவியிலேயே உண்டு. முன்பைவிடக் கூடியிருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.