உள்ளாட்சித் தேர்தலில் நாம் போடாத ஓட்டு: கேள்வி பதில்

2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் 43 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வாக்குப்பதிவு. இதனால் எங்கள் தெருவுக்கு என்ன நஷ்டம்? (வளசரவாக்கம் வாசகி)

கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. சென்னையில் 200 வார்டுகள், 60 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சராசரியாக வார்டுக்கு 30,000 பேர். அதில் 13,000 பேர் வாக்களித்து, அதையும் நான்கைந்து வேட்பாளர்கள் பிரித்துக்கொண்டால், ஐந்தாறாயிரம் ஓட்டு வாங்கியவரே கவுன்சிலர் ஆகிவிடலாம். மீதிப் பேர் முகம் சுளித்தாலும் அவருக்குக் கவலையில்லை.

இன்னொன்று. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா என்பது ரகசியமே இல்லை. நான் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுப் போட வருபவரின் பெயரை வாக்காளர் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வருவோம். மாலை நான்கு மணிக்குப் புரட்டினால், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் பக்கங்கள் முழுக்கப் பேனா மை. அடுத்து வரும் அடுக்குமாடிப் பக்கங்கள் அச்சடித்து வந்த மாதிரியே இருக்கும். அந்தப் பட்டியல் கட்சிக்காரர் வீட்டுக்குத்தான் போகிறது. அப்புறம் எந்தத் தெருவின் புகாருக்கு முதலில் ஆள் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் அதிகம் பேர் ஓட்டுப் போட்டால் நிர்வாகம் தானாகச் சரியாகிவிடுமா? (கரூர் வாசகர்)

ஆகாது. அதே தேர்தலில் உங்கள் கரூர் மாநகராட்சியில் சுமார் 75 சதவீதம் பதிவானது. பேரூராட்சிகளிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் அங்கெல்லாம் சாக்கடை அடைப்பே இல்லை என்று சொல்ல முடியுமா? சின்ன ஊரில் வேட்பாளர் நமக்குத் தெரிந்த முகம், தலைவரை வழியில் நிறுத்திக் கேட்கலாம். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை இருப்பதால் ஓட்டு விழுகிறது. ஓட்டு விழுவதால் கேட்க முடிகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கவுன்சிலரே இல்லாத காலத்திலும் சென்னை ஓடியதே? (மயிலாப்பூர் வாசகர்)

ஓடியது. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தனி அலுவலர் நிர்வாகம். அதிகாரிகள் பலர் நன்றாகவே உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2021 நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தவித்தோம் அல்லவா? தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. அந்த இழப்பு எந்தத் தெருவிலும் கண்ணுக்குத் தெரியாது.

யாரும் பிடிக்காததால் போகவில்லை. அதுவும் எதிர்ப்புதானே? (கோவை வாசகர்)

2022 நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் இல்லை, அந்தக் கோபம் நியாயம். ஆனால் தம்பி, வராதவர் ஊரில் இல்லையா, உடம்பு சரியில்லையா, எதிர்ப்பா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

குறைந்த வாக்குப்பதிவால் ஒரு நகரமே கெட்டதற்கு உதாரணம் உண்டா? (சிங்கப்பூர் வாசகி)

உண்டு. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று சிறு நகரம். மக்கள்தொகை 35,000க்கு மேல், பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். 2005இல் அந்த நகரத்துக்குத் தனி சாசனம், அதாவது நகரம் தனக்கென வைத்துக்கொள்ளும் அடிப்படைச் சட்டம், வேண்டுமா என்று ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் போட்டிருந்த வரம்பு அந்தச் சாசனத்தால் விலகியது. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அம்பலப்படுத்தியபோது, நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் எட்டு லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. பகுதிநேரக் கவுன்சிலர்கள் பெரும்பாலோர் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அளவுக்கு வாங்கினார்கள். வரிச்சுமை அந்த ஏழை வீடுகள் மேல்.

பிறகு மக்கள் கொதித்து எழுந்து, 2011 மார்ச்சில் கூட்டமாக வந்து வாக்களித்துக் கவுன்சிலர்களைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ரிஸ்ஸோ சிறைக்குப் போனார். அந்த 2005 தேர்தலுக்கு இன்னும் ஓர் ஆயிரம் பேர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அடுத்த தேர்தல்வரை என்ன செய்வது? (தாம்பரம் வாசகி)

முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் வார்டுப் பட்டியல் தயாராகிறது, வீடு மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். அப்புறம், 2022இல் விதி வந்த பிறகு ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் குறையைச் சொல்லும் கூட்டம் அது. உங்கள் பகுதிக்கு எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, பக்கத்து வீட்டு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எரியாத தெருவிளக்கின் கம்பத்து எண்ணை எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.