காலில் தொற்று முற்றி செப்சிஸ் ஆனவருக்கு வைட்டமின் சி, ஸ்டீராய்டு ஊசி பலன் தருமா?

மாமாவுக்குக் காலில் தசை அழுகும் தொற்று, அது செப்சிஸாகி (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) ஐசியுவில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் வந்த வைட்டமின் சி சிகிச்சையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதைவிட முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். அறுவை சிகிச்சை ஐசியுவில் செவிலியராக இருப்பதால், உங்கள் நிலையில் இருக்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்தச் செய்தியின் மூலம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டாக்டர் பால் மாரிக் செய்த ஆய்வு. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1.5 கிராம் வைட்டமின் சி, 50 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. தயமின் (வைட்டமின் பி1). இப்படிக் கொடுத்த 47 பேரில் 4 பேர் இறந்தார்கள்; கொடுக்காத 47 பேரில் 19 பேர். 2017இல் இது வெளியானபோது ஐசியு உலகமே திரும்பிப் பார்த்தது. செப்சிஸில் ரத்தத்தில் வைட்டமின் சி நன்றாகக் குறைந்துவிடும் என்பதும் உண்மை, அதனால் நம்பவும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு குழுவும் வெவ்வேறு மாதங்களில் சேர்ந்த நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டுப் பிரித்ததல்ல.

அப்படிக் குலுக்கிப் போட்டுச் செய்த ஆய்வுகள் அப்புறம் வந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசிலில் நடந்து 2020இல் வெளியானதில் ஒரு குழுவுக்கு மூன்று மருந்தும், மறு குழுவுக்கு ஹைட்ரோகார்டிசோன் மட்டும். வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் 501 பேரிடம் நடந்ததிலும் அதே கதை. 2022இல் வந்த லோவிட் ஆய்வில் 872 பேருக்கு வைட்டமின் சி அல்லது டம்மி மருந்து கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் அல்லது உறுப்பு செயலிழப்பு தீராதவர்கள் வைட்டமின் சி குழுவில் 44.5 சதவீதம், மற்றதில் 38.5. அதாவது கொடுத்தவர்களுக்குத்தான் மோசம். ஸ்டீராய்டின் கதை வேறு. பிபியைத் தூக்கி நிறுத்த நார்அட்ரினலின் மருந்து தொடர்ந்து தேவைப்படுபவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுப்பதை 2021 சர்வதேச வழிகாட்டுதலும் ஏற்கிறது. உங்கள் மாமாவுக்கு அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இந்த ஆய்வுகளில் நிறையப் பேர் நுரையீரல் தொற்று வந்தவர்கள், தசைத் தொற்றுக்குத் தனியாகச் சோதிக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சோதிக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதில் இரண்டு குழுவுக்கும் அறுவை சிகிச்சை எத்தனை மணி நேரத்தில் நடந்தது என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. இந்த நோயில் உயிர் அங்கேதான் இருக்கிறது. சதைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துவிடுவதால், நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக் செத்த சதைக்குள் போய்ச் சேராது. வெட்டி எடுத்தே ஆக வேண்டும். ஒருமுறை எடுத்தால் முடிந்துவிடாது. மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது, நேற்று சிவப்பாக இருந்த ஓரம் சாம்பல் நிறமாகி, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி நீர் கசியும். உடனே மறுபடியும் தியேட்டருக்கு.

மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றும் எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நரம்பில் அதிக அளவு வைட்டமின் சி ஏறும்போது, விரலில் குத்திப் பார்க்கும் பல மெஷின்கள் சர்க்கரையை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். 300 என்று நம்பி இன்சுலினை ஏற்றினால் உண்மையான சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். மயக்க மருந்தில் இருப்பவரால் தலை சுற்றுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால் யாராவது இந்த ஊசியைத் தொடங்கினால், சர்க்கரையை லேபில் ரத்தம் அனுப்பிப் பார்க்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால், வைட்டமின் சி உடலில் மாறி உண்டாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதில் படியும் ஆபத்தும் உண்டு.

சரி, முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "அழுகினதை முழுசா எடுத்தாச்சா டாக்டர், அடுத்து எப்போ திறந்து பார்ப்பீங்க?" 24 மணி நேரத்துக்குள் என்று பதில் வந்தால் சரியான கையில் இருக்கிறார். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால், தயங்காமல் தலைமை சர்ஜனையே பார்த்துப் பேசுங்கள்.